"எங்க ஊர்ல அது கெட்ட வார்த்தையே இல்லை": விளையாட்டில் மொழிக் குழப்பமும் இனவெறிப் புகாரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட்டோ கால்பந்தோ, ஒரு வீரர் மீது இனவெறிப் புகார் வந்தால் மறுநாளே ஒரு விளக்கமும் வந்துவிடும்: "எங்கள் மொழியில் அதற்கு அந்த அர்த்தம் கிடையாது." சில சமயம் அது நிஜம். சில சமயம் தப்பிக்கச் சொல்வது. எது எப்போது என்று பார்க்க, விவரங்கள் நன்றாகப் பதிவான சில வழக்குகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பேச்சே வசைச்சொற்களைப் பற்றியது என்பதால் சில இடங்களில் அவற்றை அப்படியே எழுத வேண்டியிருக்கிறது.

2008 சிட்னி டெஸ்டில் ஹர்பஜனுக்கும் சைமண்ட்ஸுக்கும் என்னதான் நடந்தது?

ஜனவரி 4, ஆட்டத்தின் மூன்றாம் நாள். சச்சினும் ஹர்பஜனும் எட்டாவது விக்கெட்டுக்கு அசையாமல் நின்றார்கள். அந்த ஜோடி சேர்த்தது 129 ரன். பந்து போட்டுப் போட்டு ஆஸ்திரேலியர்களுக்கு அலுத்துவிட்டது. அந்த நேரத்தில் ஹர்பஜன், பிரெட் லீயின் பின்புறத்தில் மட்டையால் லேசாக ஒரு தட்டு தட்டினார். 'நல்ல பந்து' என்று சொல்வதுபோல. ஆனால் ஆண்ட்ரூ சைமண்ட்ஸுக்கு அது பிடிக்கவில்லை. குறுக்கே வந்து ஹர்பஜனிடம் வாயைக் கொடுத்தார். வாக்குவாதம் முற்றியது. ஹர்பஜன் தன்னை 'மங்கி' என்று சொன்னதாக சைமண்ட்ஸ் சொல்ல, கேப்டன் ரிக்கி பாண்டிங் நடுவரிடம் புகார் கொடுத்தார்.

அந்த டெஸ்ட் ஏற்கெனவே நடுவர்களின் தவறான தீர்ப்புகளால் நாறிப்போயிருந்தது. கடைசி நாளில் மைக்கேல் கிளார்க் ஒரே ஓவரில் 3 விக்கெட் எடுக்க, இந்தியா 122 ரன்னில் தோற்றது. ஆட்டம் முடிந்தபின் விசாரணை நடத்திய ஆட்ட நடுவர் மைக் ப்ராக்டர், ஹர்பஜனுக்கு 3 டெஸ்ட் தடை விதித்தார். இரண்டு அணிகளில் ஒன்றுதான் ஆட்டத்தின் உணர்வோடு விளையாடியது என்று இந்திய கேப்டன் கும்ப்ளே சொன்னது இந்தப் போட்டிக்குப் பிறகுதான். சுற்றுப்பயணமே நின்றுவிடும்போல இருந்தது.

மேல்முறையீட்டை நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹான்சன் ஜனவரி 29 அன்று அடிலெய்டில் விசாரித்தார். இனரீதியாக இழிவுபடுத்தியதற்கான விதி 3.3 நிரூபணமாகவில்லை என்றார். வெறுமனே திட்டியதற்கான விதி 2.8-ன் கீழ் ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம். தடை போயிற்று.

'மங்கி'யையும் 'மா(ங்) கி'யையும் ஒருவர் குழப்பிக்கொள்ள முடியுமா?

முடியும். 'தேரி மா கி' என்றுதான் தன் காதில் விழுந்தது என்று பக்கத்தில் நின்ற சச்சின் சாட்சி சொன்னார். இந்தி தெரியாதவர்கள் இதைக் கேட்டதும் சிரித்தார்கள். "மா கி எங்கே, மங்கி எங்கே?" என்றார்கள். ஆனால் இந்தியில் அம்மாவைக் குறிக்கும் 'மா' வெறும் 'மா' கிடையாது. மூக்கால் சொல்லும் உயிர். அதன் பின்னால் உடனே 'கி' வரும்போது நடுவில் ஒரு 'ங்' தானாக முளைத்துவிடும். வேகமாக, கோபமாகச் சொல்லிப் பாருங்கள், 'மாங்கி' என்றுதான் வரும். 'மங்கி' என்ற சொல்லை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் காதுக்கு அது போதும்.

'தேரி மா கி' என்பது பாதியில் நிற்கும் வசை. மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். நம்மூரில் 'ங்கொய்யால' என்று பாதியை விழுங்கிவிட்டுச் சொல்வதில்லையா, அந்த ரகம். ஆக, ஹர்பஜன் தரப்பு வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் வேடிக்கையாக இருக்கும்: 'ஐயா, நான் அவரைக் குரங்கு என்று சொல்லவே இல்லை, அவருடைய அம்மாவைத்தான் இழுத்தேன்.' பஞ்சாப்பின் எந்தத் தெருவிலும் இரண்டாவதுதான் பெரிய குற்றம். ஐசிசி சட்டத்தில் அது சின்னக் குற்றம்.

அப்படியென்றால் ஹர்பஜன் மீது பொய்ப் புகார் கொடுத்தார்களா?

அப்படி யாரும் தீர்ப்பு எழுதவில்லை. நிரூபிக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்பதும், நடக்கவே இல்லை என்பதும் வேறு வேறு. ஸ்டம்ப் மைக்கிலும் அந்தச் சொல் தெளிவாகப் பதிவாகவில்லை. சச்சின் ப்ராக்டரிடம் சொன்னதும் ஹான்சனிடம் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்று ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் ஆடம் கில்கிறிஸ்ட் பின்னர் தன் சுயசரிதையில் குறை சொன்னார். ஹர்பஜனின் பழைய ஒழுங்கு மீறல்கள் எல்லாம் நீதிபதியின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. அது ஐசிசி அலுவலகத்தின் கவனக்குறைவு. தெரிந்திருந்தால் தண்டனை கூடியிருக்கும் என்று ஹான்சனே சொன்னார்.

இந்திய ரசிகர்கள் வசதியாக மறந்துவிடும் ஒன்றும் உண்டு. அதற்கு மூன்று மாதம் முன்னால், 2007 அக்டோபரில், வதோதராவிலும் மும்பையிலும் கூட்டம் சைமண்ட்ஸைப் பார்த்துக் குரங்குபோல் சத்தம் எழுப்பியது. கரீபிய வம்சாவளி மனிதர். அதற்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை. சிட்னியில் அவர் காது எதை எதிர்பார்த்திருக்கும் என்பதை இதோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

அதே தொடரில் 'பாஸ்டர்ட்' பிரச்சினை ஒன்றும் வந்ததே?

ஆமாம். கும்ப்ளேயையும் தோனியையும் பார்த்து பிராட் ஹாக் அப்படிச் சொன்னதாக இந்தியா பதிலுக்குப் புகார் கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் நண்பனைக்கூட அப்படிக் கூப்பிடுவார்கள். 'பாவம்டா அவன்' என்பதற்கும் அதே சொல்தான். நமக்கோ அது ஒருவன் பிறப்பையே சந்தேகிப்பது. கும்ப்ளே பெர்த் டெஸ்டுக்கு முன்னால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 'எங்க ஊர்ல அது சாதாரணம்' என்ற வாதத்தை அந்த வாரம் இரண்டு தரப்பும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதுதான் அழகு.

சுவாரஸ் – எவ்ரா வழக்கு வெறும் ஸ்பானிஷ் குழப்பம்தானே?

பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்து கால்பந்து சங்கம் அமைத்த விசாரணைக் குழுவின் 115 பக்கத் தீர்ப்பைப் படித்தால் அப்படித் தோன்றாது.

2011 அக்டோபர் 15, ஆன்ஃபீல்ட் மைதானம். லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் 1-1. உருகுவேக்காரர் லூயிஸ் சுவாரஸ், செனகலில் பிறந்த பிரெஞ்சு வீரர் பாட்ரிஸ் எவ்ராவை உதைத்துவிட்டார். பின்னர் ஒரு கார்னர் கிக்குக்காக எல்லோரும் கூடியபோது இருவருக்கும் ஸ்பானிஷில் வாக்குவாதம். ஆரம்பித்தது எவ்ரா, அதுவும் சகோதரியை இழுக்கும் ஒரு ஸ்பானிஷ் வசையோடு. எரிச்சலில் பொதுவாக உதிர்க்கும் சொல்லாகத்தான் அதைச் சொன்னேன் என்பது அவருடைய விளக்கம். பாருங்கள், புகார் கொடுத்தவருக்கும் மொழிவிளக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

ஏன் உதைத்தாய் என்று கேட்டதற்கு சுவாரஸ் 'போர்கே து எரேஸ் நெக்ரோ' என்றார் என்பது எவ்ராவின் கூற்று. அதாவது, 'ஏன்னா நீ கறுப்பன்'. தான் சொன்னது 'போர் கே, நெக்ரோ?' மட்டும்தான், அதுவும் 'என்னைத் தொடாதே' என்று எவ்ரா சொன்னதற்குப் பதிலாக என்பது சுவாரஸின் கூற்று. 'ஏன்பா, கறுப்பா?' என்கிற மாதிரி. ஸ்பானிஷில் 'ஏனென்றால்' என்பதற்கும் 'ஏன்' என்பதற்கும் ஓசையில் அழுத்தம் ஒன்றுதான் வித்தியாசம். நம் 'ஏன்னா', 'ஏன்' போலவே, ஆனால் அதைவிட நெருக்கம். நடுவே 'நீ' என்று ஒரு சொல் இருந்ததா இல்லையா என்பதில்தான் ஒரு மனிதரின் பெயரே தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரணைக் குழு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு லத்தீன் அமெரிக்க ஆய்வாளர்களை அழைத்துக் கேட்டது. அவர்கள் சொன்னது ரொம்பத் தெளிவு: சுவாரஸ் சொல்கிறபடி, அந்தத் தொனியில் சொல்லியிருந்தால் உருகுவேயில் அது புண்படுத்தாது. எவ்ரா சொல்கிறபடி சொல்லியிருந்தால் உருகுவேயிலும் அது வசைதான். மொழி அறிஞரால் இதற்கு மேல் உதவ முடியாது. எது நடந்தது என்பதை மற்ற சாட்சியங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அங்கேதான் சுவாரஸ் சறுக்கினார். ஆட்டம் முடிந்த கையோடு லிவர்பூலின் கால்பந்து இயக்குநர் டேமியன் கொமோலியிடம் ஸ்பானிஷிலும், சக வீரர் டிர்க் கைட்டிடம் டச்சிலும் நடந்ததைச் சொல்லியிருந்தார். இரண்டு பேர், இரண்டு மொழி. இருவர் காதிலும் விழுந்தது 'நீ கறுப்பன்' என்கிற வாக்கியத்தின் ஏதோ ஒரு வடிவம். எவ்ராவின் கையைக் கிள்ளியது சூட்டைத் தணிக்கத்தான் என்று சுவாரஸ் எழுத்தில் சொன்னதைக் குழு துளியும் நம்பவில்லை. கிள்ளி யாராவது சமாதானம் பேசுவார்களா? 8 ஆட்டத் தடை, 40,000 பவுண்ட் அபராதம்.

சொல்லின் அர்த்தத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்பதைவிட, சண்டையின் நடுவே அதைச் சொன்னதற்காகவும், சொன்ன கதை ஒன்றுக்கொன்று ஒட்டாததற்காகவும் என்பதே என் வாசிப்பு.

உருகுவேயில் 'நெக்ரோ' உண்மையிலேயே செல்லப்பெயரா?

ஆம், அதில் பொய்யில்லை. 1950 உலகக் கோப்பையை வென்ற உருகுவே அணியின் கேப்டன் ஒப்துலியோ வரேலாவை 'எல் நெக்ரோ ஹெஃபே' என்றார்கள், 'கறுப்புத் தலைவன்'. அங்கே அது மரியாதை. பக்கத்து அர்ஜென்டினாவில் பாடகி மெர்சிடஸ் சோசாவை நாடே 'லா நெக்ரா' என்று அழைத்தது. கணவன் மனைவியை, வெள்ளைக்கார நண்பன் இன்னொரு வெள்ளைக்கார நண்பனைக்கூட அப்படி அழைப்பது உண்டு. அதே தெருவில், வேறொரு தொனியில், ஏழையையும் கறுப்பரையும் மட்டம் தட்டவும் அதே சொல்தான். இந்த இரண்டாவதை மட்டும் யாரும் பேட்டியில் சொல்வதில்லை.

கவானிக்குத் தடை விதித்தது நியாயமா?

எனக்கு அதில் சங்கடம் உண்டு. 2020 நவம்பர் 29 அன்று சவுத்தாம்ப்டனுக்கு எதிராக யுனைடெட் 3-2 என்று ஜெயித்தது. யுனைடெட்டின் உருகுவேக்காரர் எடின்சன் கவானி கோல் அடித்தார். வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் 'கிராசியாஸ் நெக்ரீத்தோ' என்று நன்றி சொன்னார், 'நன்றிடா கறுப்பா' என்கிற மாதிரி. சண்டை இல்லை, எதிரி இல்லை, புண்பட்டேன் என்று அந்த நண்பரும் சொல்லவில்லை. கவானி கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்று விசாரணைக் குழுவும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் 3 ஆட்டத் தடை, 1,00,000 பவுண்ட் அபராதம், கூடவே பாடம் படிக்கச் சொல்லி உத்தரவு.

உருகுவேயின் மொழிக் கழகம் கொதித்துப்போய் அறிக்கை விட்டது. ஆங்கிலேயர்களுக்கு ஸ்பானிஷ் பேச்சுவழக்கும் பண்பாடும் தெரியவில்லை என்பது அதன் சாரம். நம் ஊர்க் கறுப்பாயியையும் கருப்பையாவையும் ஒருவர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு 'இனவெறி' என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? இங்கிலாந்துத் தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு: பல லட்சம் பேர் படிக்கும் பக்கத்தில், இங்கிலாந்தில் ஆடிக்கொண்டு எழுதினால் அங்கே படிப்பவர்களையும் யோசிக்க வேண்டும். சரி. அதற்கு ஒரு எச்சரிக்கை போதாதா? சண்டையில் சொன்ன சுவாரஸுக்கு 40,000, நன்றி சொன்ன கவானிக்கு 1,00,000. தடை ஆட்டங்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் காட்டினார்கள் என்பது மட்டும் ஆறுதல்.

பாரிஸில் 2020-ல் ஆட்டத்தையே நிறுத்திவிட்டுப் போனார்களே, அது எதனால்?

கொரோனா காலம், மைதானம் காலி. டிசம்பர் 8, பாரிஸ் சான் ஜெர்மனும் துருக்கியின் இஸ்தான்புல் பஷாக்ஷெஹிரும். 14-வது நிமிடம்கூட முடியவில்லை. பஷாக்ஷெஹிர் பெஞ்சிலிருந்து ஒரே கூச்சல். யாருக்குச் சிவப்பு அட்டை காட்டுவது என்று தலைமை நடுவர் கேட்க, நான்காவது நடுவர் செபாஸ்டியன் கோல்ட்செஸ்கு ருமேனிய மொழியில் 'அலா நெக்ரு' என்றார். 'அந்தக் கறுப்பு ஆள்.' ஆட்டக்காரர்கள் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாத மைதானத்தில் அது பளிச்சென்று கேட்டது. குறிப்பிடப்பட்டவர் உதவிப் பயிற்சியாளர் பியர் வெபோ, கேமரூன்காரர். 'ஏன் நெக்ரோ என்கிறாய்?' என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

ருமேனிய மொழியில் 'நெக்ரு' என்றால் கறுப்பு நிறம், அவ்வளவுதான். கறுப்புக் கார், கறுப்புப் பூனை, எல்லாவற்றுக்கும் அதுதான். இது காதில் தவறாக விழுந்த கதை என்று முடித்துவிடலாம். ஆனால் பெஞ்சில் இருந்த டெம்பா பா நேரே போய்க் கேட்ட கேள்வி விஷயத்தை மாற்றிவிட்டது: ஒரு வெள்ளைக்காரரைக் குறிப்பிடும்போது 'அந்த ஆள்' என்றுதானே சொல்கிறீர்கள், 'அந்த வெள்ளை ஆள்' என்று சொல்வதில்லையே, அப்புறம் கறுப்பரை மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?

மொழிபெயர்த்தாலும் அந்தக் கேள்வி போகவில்லை. சொல்லில் இருந்த பிழையைவிட, ஆளை அடையாளம் காட்ட முதலில் நிறத்தைப் பிடித்ததுதான் பிரச்சினை. இரண்டு அணிகளும் வெளியேறின. மறுநாள் புதிய நடுவர்களோடு விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள், பாரிஸ் 5-1 என்று ஜெயித்தது. இனவெறி என்று முடிவு செய்யாமல், முறையற்ற நடத்தை என்று சொல்லி கோல்ட்செஸ்குவை அந்தப் பருவம் முடியும்வரை ஐரோப்பியக் கால்பந்து சங்கம் நிறுத்திவைத்தது. எனக்கு இது ஏறக்குறைய சரியான தீர்ப்பாகத்தான் படுகிறது.

திட்டு வாங்கியவருக்கு அந்த மொழியே தெரியாவிட்டால்?

குற்றம் குற்றம்தான். 2019 ஜனவரி 22, டர்பன். தென்னாப்பிரிக்கா 80 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்த பிறகு வான் டெர் டுசெனும் பெலுக்வாயோவும் பிரியாமல் 127 ரன் சேர்த்து ஜெயித்தார்கள். ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற பாகிஸ்தான் கேப்டன் சர்ஃப்ராஸ் அகமது உருதுவில் புலம்பினார்: 'அடே கறுப்பா, உன் அம்மா இன்றைக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறாள்? என்ன ஓதச் சொல்லிவிட்டு வந்தாய்?' பெலுக்வாயோவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஸ்டம்ப் மைக்கைக் கேட்டுக்கொண்டிருந்த பல கோடிப் பேருக்குப் புரிந்தது. உடன் பேசிக்கொண்டிருந்த வர்ணனையாளர் அர்த்தம் கேட்க, ரமீஸ் ராஜா மொழிபெயர்ப்பது கஷ்டம், நீளமான வாக்கியம் என்று நழுவினார். பாவம், அவர் வேறு என்ன செய்வார்.

அம்மா மந்திரம் ஓதுகிறாள் என்பது கிண்டல். 'காலே', அதாவது 'கறுப்பா' என்பதுதான் மாட்டியது. 4 ஆட்டத் தடை. சர்ஃப்ராஸ் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார், பெலுக்வாயோவும் ஏற்றுக்கொண்டார்.

மேற்கிந்தியத் தீவுகளின் டேரன் சமியின் கதை இதற்கு நேர் எதிர். சன்ரைசர்ஸ் ஹைதராபாத்தில் ஆடியபோது அவரையும் திசாரா பெரேராவையும் 'காலு' என்று அழைத்தார்கள். வலிமையான குதிரை என்று அர்த்தம்போல என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டும் இருந்தார். 'கறுப்பன்' என்ற உண்மையான அர்த்தம் 2020-ல்தான் தெரிந்தது. தன்னை அப்படி அழைத்தவர்களில் ஒருவரிடம் பேசி, அது அன்பில் சொன்னது என்று ஏற்றுக்கொண்டதாகப் பின்னர் சொன்னார். புரியாமல் சிரித்த அத்தனை நாளும் அவருக்கு எப்படி நினைவில் இருக்கும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஓசை ஒத்துப்போனதாலேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

விளையாட்டுக்கு வெளியே தெளிவான உதாரணம் ஒன்று: 2020-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர், சீனர்கள் பேச்சின் நடுவே யோசிக்கும்போது சொல்லும் 'நெய்க' என்ற சொல்லை உதாரணமாகச் சொன்னார். நம் 'வந்து...' மாதிரி. ஆங்கில வசைபோல ஒலித்ததால் புகார் வந்து, அந்த வகுப்பிலிருந்து அவர் விலக வேண்டியதாயிற்று. விதி எதையும் அவர் மீறவில்லை என்று பின்னர் முடிவானது. இதுதான் சுத்தமான மொழிக் குழப்பம். மேலே பார்த்த வழக்குகள் எதுவும் இவ்வளவு சுத்தமில்லை.

இதில் தமிழர்களுக்கு என்ன?

நிறத்தை வைத்துக் கூப்பிடுவது நமக்கு அத்தனை பழக்கம் என்பதால் உறைப்பதில்லை. எங்கள் தெரு அணியில் 'கருவாயா' என்று கூப்பிடப்படாத பந்துவீச்சாளரே கிடையாது. யாரும் புகார் செய்ததில்லை. யாரிடமும் கேட்டதும் இல்லை. ஆனால் 2017-ல் அபினவ் முகுந்த், சின்ன வயதிலிருந்தே நிறத்துக்காகப் பேச்சு வாங்கியதை ட்விட்டரில் எழுதினார். 2021-ல் எல். சிவராமகிருஷ்ணன், வாழ்நாள் முழுக்க நிறப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார். இரண்டு பேருமே நம் ஊர், இந்திய அணிக்கு ஆடியவர்கள். அவர்களைப் புண்படுத்தியது எதிரணியோ வெளிநாட்டு மொழியோ மட்டும் அல்ல.

ஹர்பஜனும் சைமண்ட்ஸும் கடைசியில் சமாதானம் ஆனார்களா?

2011-ல் இருவரும் மும்பை இந்தியன்ஸ் அணிக்கு ஒன்றாக ஆடினார்கள். ஒரே உடைமாற்றும் அறை, ஒரே பேருந்து. ஒரு விருந்தில் ஹர்பஜன் தன்னைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டதாகவும், கண் கலங்கி உடைந்துபோனதாகவும் சைமண்ட்ஸ் 2018-ல் சொன்னார். ஹர்பஜன் உடனே ட்விட்டரில் மறுத்தார்: எப்போது அழுதேன், எதற்காக அழ வேண்டும் என்று. 2022 மே மாதம் கார் விபத்தில் சைமண்ட்ஸ் இறந்துபோனார். அந்த விருந்தில் நடந்ததைப் பற்றி இருவரும் பேசியது ஒரே மொழிதான், ஆங்கிலம்.